தூக்கப்படி முந்நூறு ரூபாய்

இன்று காலை பாஸ்புக்கில் வரவு பதிவதற்காக வங்கிக்குப் போயிருந்தேன். கவுண்ட்டரில் இருந்த பெண் புத்தகத்தை வாங்கிப் பக்கத்திலிருந்த பழைய பிரிண்டருக்குள் செருகினாள். அது ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு, 'கிர்ர்... கிர்ர்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. பென்ஷன் வாங்க வந்திருந்த பெரியவர் ஒருவர், கணக்கில் எவ்வளவு இருந்தால் ஒரு மனுஷி இப்படிச் சிரிப்பாள் என்ற யோசனையோடு என்னையும் பாஸ்புக்கையும் மாறி மாறிப் பார்த்தார். அதில் இருந்தது சிரிக்கிற தொகையே இல்லை.

அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது! நம்முடைய பிரிண்டர் சம்பளச் சீட்டு அடிக்க ஆரம்பித்தால், கீழே உரக்கடைக்காரர் மாடியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே டீ குடிக்கப் போய்விடுவார். நீ அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுவாய். அது நின்ற பிறகும் கத்திக்கொண்டிருப்பாய். நீ கண்ணை மூடி, வருகிற ஆவணியோடு இரண்டு வருடம். சென்னைக்கு வந்து உன் வீட்டில் உட்கார்ந்து அழுதேன், ஊருக்குத் திரும்பியும் அழுதேன். உன்னை நினைத்து வாய்விட்டுச் சிரித்தது இன்றைக்குத்தான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்றும் இருக்கிறது. அதை முதலிலேயே சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், ஆகவே கடைசியில்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ராஜபாளையத்தில் உரக்கடைக்கு மேலே ஒரே அறை, இரண்டு கம்ப்யூட்டர், நாம் இரண்டு பேர். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தெற்கே பஸ் ஏறி வருவேன், நீ சேத்தூரிலிருந்து வடக்கே ஏறி வருவாய். இருவரும் கணக்குப் பாடம் படித்துவிட்டு, மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கற்றவர்கள். நம் முதலாளி அண்ணாச்சி பருத்தி வியாபாரி. யாரோ சொன்னார்கள் என்று கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, மில்களுக்குச் சம்பளச் சீட்டு தயாரித்துக் கொடுக்கும் தொழிலை ஆரம்பித்திருந்தார். அதற்கான புரோகிராம் எழுதுவதும், மாதாமாதம் சீட்டு அடித்துக் கொடுப்பதும் நம் வேலை. அண்ணாச்சி அறைக்குள் வரும்போது செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவார், கீபோர்டைத் தொட மாட்டார். சந்தனம் குங்குமம் வைப்பதற்காக வெள்ளிக்கிழமை மட்டும் மானிட்டரைத் தொடுவார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. சம்பளம் கூட்டிக் கேட்டால் மறுக்க மாட்டார், கூட்டவும் மாட்டார். "சம்பளத்துக்கு எல்லை ஏதும்மா? வேற என்ன கொறைன்னு சொல்லுங்க, தீத்து வைக்கேன்" என்பார். முதல் தடவை கேட்டபோது சக்கரம் வைத்த நாற்காலி இரண்டு வந்தன. இரண்டாவது தடவை, பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீயும் வடையும். மூன்றாவது தடவை நீ வெட்கத்தை விட்டுச் சொன்னாய். பஜாரில் காலையிலிருந்து மாலை வரை ஒரு பெண் ஒதுங்க இடம் கிடையாது என்றாய். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். ஒரு வாரத்தில் பின்புறக் கழிப்பறைக்குப் புதுக் கதவு போட்டு, பூட்டு வாங்கி, சாவியை உன் கையில் கொடுத்தார். பஜாரில் அப்படிப்பட்ட சாவி வைத்திருந்த பெண்கள் நாம் இருவர்தான் என்று நினைக்கிறேன். துணிக்கடை வாசலில் நிற்கிற பெண்கள்கூட அதற்காக நம்மிடம் சிநேகம் வைத்துக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் மேலே மதியத் தூக்கம். அண்ணாச்சி சாப்பிட வீட்டுக்குப் போனால் நாலு மணிக்குத்தான் வருவார். நாம் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, கதவைத் தாழ் போட்டு, மானிட்டரை அணைத்து, இரண்டிலிருந்து மூன்று வரை மேஜையில் தலை சாய்த்துக்கொள்வோம். தெருவிலேயே ஏசி இருந்த ஒரே அறை அது. மிஷின் சூடாகக் கூடாதென்று போட்டது, நமக்கும் சூடாகவில்லை. சித்திரை வெயிலில் அண்ணாச்சியின் மாமியார் 'கம்ப்யூட்டரப் பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்' என்று வந்து இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுப் போவார். சம்பளம் ஆயிரத்து நூறு ரூபாய். அதைச் சொன்னால் என்னோடு படித்தவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை. நான் சோம்பேறி என்பதை மறைத்துப் பயனில்லை, நீ எல்லாரிடமும் சொல்லியாயிற்று.

உங்கள் அப்பா என்ன செய்கிறார் என்று அந்த நாட்களில் ஒருமுறை கேட்டேன். "எங்கப்பாவுக்கு நம்மள விடச் சொகமான வேலைட்டி. காலையில எந்திரிச்சி பேப்பர் படிக்கணும், பொறவு தூங்கணும்" என்றாய். நான் வடையைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்புறம்தான் மெட்ராஸ் கடிதம் வந்தது. பெரியப்பா மகன் வேலை பார்த்த கம்பெனியில் புரோகிராம் எழுத ஆள் வேண்டும், சம்பளம் மூவாயிரத்து ஐந்நூறு, தை பிறப்பதற்குள் பதில் போடு என்று அண்ணன் எழுதியிருந்தான். எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் போ என்றோ போகாதே என்றோ சொல்லியிருந்தால் நிம்மதியாக எதிர்த்துச் சண்டை போட்டிருப்பேன். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, "உன் சம்பளத்துலயா நாம ஒல வைக்கோம்? ஒன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டார். அம்மா, மெட்ராஸில் தண்ணீர்க் கஷ்டம் என்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஒரு மாதம் நான் காலையில் போவதாகவும் மாலையில் இருப்பதாகவும் முடிவு செய்துகொண்டிருந்தேன். நீ பொறுத்துப் பார்த்தாய். பிறகு, "இதப் பேசித் தீக்க முடியாதுட்டி, புரோகிராம் போட்டுத்தான் தீக்கணும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாய்.

புதிதாக எழுதச் சோம்பல் உனக்கும் உண்டு. மில்லுக்கு நாம் எழுதி வைத்திருந்த சம்பளப் புரோகிராமையே திறந்து, முந்நூற்றுப் பத்துத் தொழிலாளர்களுக்குக் கீழே நம் இருவர் பெயரையும் சேர்த்தாய். பகுதி என்ற இடத்தில் 'ஏசி ரூம்' என்று போட்டாய். அடிப்படைச் சம்பளம் ஆயிரத்து நூறு. பஞ்சப்படி, பயணப்படி என்று வருகிற இடங்களில் நம்முடைய சுகங்களை ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்னிடம் விலை கேட்டாய். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாய், அந்த மிஷினுக்கு வேறு எழுத்துத் தெரியாது. தூக்கப்படி முந்நூறு. ஏசிக்கு இருநூற்றைம்பது. இருட்டும் முன்னே வீடு சேர்க்கிற ஐந்தரை மணி பஸ்ஸுக்கு நானூறு. அம்மா சமையல் அறுநூறு. கழிப்பறைச் சாவி நானூறு. கடைசியாக ஒன்று, 'அண்ணாச்சிக்கு ஒண்ணும் தெரியாது' என்பதற்கு முந்நூற்றைம்பது. ஒரு நாள் வேலையை மூன்று நாள் என்று சொன்னால் அவர் நம்புவார் அல்லவா, அந்தச் சுகத்துக்கு.

கூட்டினால் மூவாயிரத்து நானூறு வந்தது. மெட்ராஸுக்கு நூறு ரூபாய் கூடுதல். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நீ நகத்தைக் கடித்தாய். பிறகு, "ஏட்டி, அந்தச் சாவிக்கு நானூறு ரொம்பக் கம்மி. மெட்ராஸ்ல எந்த ஆபீஸ்ல எப்படி இருக்கோ" என்று ஐந்நூறாக மாற்றினாய். இரண்டு பக்கமும் சரியாக நின்றது. நான் கைதட்டினேன். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி படியேறுகிற சத்தம் கேட்டது. நீ அவசரமாகத் திரையை மாற்றினாய். நம் பெயர்களை அழிக்க வேண்டும் என்பது உனக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

ஏழாம் தேதி மில்லில் சம்பளம். நாம் அடித்துக் கொடுத்த மொத்தத் தொகையை அப்படியே வங்கியிலிருந்து எடுத்து, சீட்டுக்கு ஒரு கவராகப் போட்டு, பெயர் கூப்பிட்டுக் கொடுப்பது அங்கே வழக்கம். முந்நூற்றுப் பத்துப் பேரும் வாங்கிப் போன பிறகு மேஜையில் இரண்டு கவர் மிஞ்சியிருக்கிறது. வருகைக் கணக்குப் பார்க்கிற டைம் ஆபீஸ்காரர் நம் இருவர் பெயரையும் மூன்று முறை உரக்கக் கூப்பிட்டிருக்கிறார். யாரும் வரவில்லை. நூற்புப் பகுதியில் தேடியிருக்கிறார், நூல் சுற்றும் பகுதியில் தேடியிருக்கிறார். ஏசி ரூம் என்ற பகுதி மில்லில் எங்கே இருக்கிறது என்று மேனேஜரிடமே போய்க் கேட்டிருக்கிறார். மேனேஜர் அறையில்கூட அப்போது ஃபேன்தான். அதற்குப் பிறகுதான் மனிதர் சீட்டைப் படித்துப் பார்த்திருக்கிறார்.

அவர் நம் படியேறி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வீட்டில் தெலுங்கு பேசுகிற மனிதர், படபடப்பு வந்தால் அதுதான் முதலில் வரும். இரண்டு கவரையும் அண்ணாச்சி முன்னால் வைத்தார். சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய் எழுத்து எழுத்தாக வாசித்தார். "தூ... க்... கம். முந்நூறு ரூவா. ஏமம்மா இதி? என்னம்மா இது? முப்பது வருசமா மில்லுல இருக்கேன், தூங்குனா அரை நாள் சம்பளத்தப் பிடிப்பாங்க. இங்க தூங்கினா படியா?" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் மேஜையைப் பார்த்தேன். நீ ஏசியைப் பார்த்தாய். அண்ணாச்சி சீட்டை வாங்கி வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும், ஒன்றும் தெரியாத அண்ணாச்சி யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

பணம் பைசா குறையாமல் மில்லுக்குத் திரும்பிப் போயிற்று. கூடவே மன்னிப்பாக ஒரு கிலோ பால்கோவா. அதையும் நான்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. இரண்டு நாள் அண்ணாச்சி நம்மோடு பேசவில்லை. வேலை போய்விட்டது என்று நான் முடிவுகட்டி, எப்படியும் மெட்ராஸ் இருக்கிறதே என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். நீ அந்த இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. தப்பு உன்னுடையது என்பதால் வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கூப்பிட்டார். திட்டு விழும் என்று நின்றோம். அவர் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "இருவது வருசமா பருத்திக்கு வெல போடுதேன். என் ரூம்புல இருக்கிற சரக்குக்கு நீங்க வெல போட்டிருக்கீங்க. தப்பில்ல. அந்த வெலைக்கே நான் எடுத்துக்கிடுதேன். இந்த மாசத்துல இருந்து மத்தியானத் தூக்கம் கெடையாது. ஆளுக்கு முந்நூறு கூட. சம்மதமா?" ஏசியை மிஷினுக்காக எடுக்க முடியாது, சாவியைப் பிடுங்குவது பாவம், அம்மா சமையல் அவருக்குச் சொந்தமில்லை என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தார். கடைசி வரியைத் தொட்டு, "இது மட்டும் உங்ககிட்டயே இருக்கட்டும்மா. இந்த வயசுல இனிமே கத்துக்கிட ஏலாது" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆக, கேட்டுக் கேட்டு வராத சம்பள உயர்வு நம் தூக்கத்தை விற்றதில் வந்தது. வாங்கிய சரக்கைக் காவல் காக்க வேண்டும் அல்லவா, அண்ணாச்சி தன் வீட்டுத் தூக்கத்தை விட்டுவிட்டு இரண்டு மணிக்கு வந்து நம் அறையில் உட்கார்ந்தார். முதல் நாள் கால் மணி நேரம் காவல் காத்தார். அந்தக் குளிரும் சக்கரம் வைத்த நாற்காலியும் சும்மா விடுமா? கழுத்து ஒரு பக்கம் சாய, அவர் விட்ட குறட்டையில் ஏசி சத்தமே கேட்கவில்லை. நாம் இருவரும் கண்ணைத் திறந்துகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாதம் அறுநூறு கொடுத்து வாங்கிய தூக்கத்தை அவர் தினமும் தவறாமல் அனுபவித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்குத்தான் முடியவில்லை. மூன்றாவது வாரத்தில் முனியாண்டி என்ற தொழிலாளியின் பெயரை அடித்துக்கொண்டிருக்கும்போதே கடைசி எழுத்தில் விரலை வைத்தபடி தூங்கிப்போனேன். சீட்டில் அவர் முனியாண்டிஇஇஇஇ என்று விளிம்பு வரைக்கும் நீண்டு போனார். டைம் ஆபீஸ்காரர் அதையும் எடுத்துக்கொண்டு வந்தார். மாதக் கடைசியில் நான் அண்ணாச்சியிடம் போய், "முந்நூறு வேண்டாம் அண்ணாச்சி, எந் தூக்கத்தத் திருப்பிக் குடுத்துருங்க" என்றேன். வாங்கிய விலைக்கே திருப்பிக் கொடுத்தார். லாபம் வைக்காமல் அவர் விற்ற ஒரே சரக்கு அதுவாகத்தான் இருக்கும்.

நீயும் கேட்பாய் என்று நினைத்தேன். "எனக்கு ரூவாயே இருக்கட்டும் அண்ணாச்சி" என்றாய். அவரிடம் தோற்கக் கூடாது என்ற வீம்பு என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு தினமும் இரண்டு மணிக்கு நான் மேஜையில் தலை சாய்ப்பேன், பக்கத்து மேஜையில் நீ தட்டிக்கொண்டிருப்பாய். அந்தச் சத்தம் எனக்குத் தாலாட்டாக இருந்தது. ஒருநாள்கூட எழுந்து, ஏன் நீ மட்டும் தூங்கவில்லை என்று கேட்கவில்லை.

மார்கழியில் ஒருநாள் ராஜபாளையம் முழுக்க மின்சாரம் நிறுத்தினார்கள். மிஷின் ஓடாத நாளில் அண்ணாச்சிக்கு வீட்டிலும் இருப்புக்கொள்ளாது. மனைவி, மாமியார், ஒரு தூக்குச்சட்டிப் புளியோதரை, நாம் இருவர் என்று வேனில் ஏற்றிக்கொண்டு அய்யனார் கோவிலுக்குப் போனார். மழை முடிந்த நேரம், ஆற்றில் தண்ணீர் சலசலவென்று வந்துகொண்டிருந்தது. பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, நான் போகப்போவதில்லை என்று உன்னிடம் சொன்னேன். சமமாக நின்ற தராசைத் தூக்கம் ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டது என்று வசனம் வேறு பேசினேன்.

"நல்லா யோசிச்சியா?" என்றாய். யோசித்தாயிற்று என்றேன். "பொறவு மனசு மாறாதே?" என்றாய். மாறாது என்றேன். இன்னொரு தடவையும் கேட்டாய். எனக்கு எரிச்சல் வந்தது. கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்கிற மாதிரி எதற்கு மூன்று தடவை கேட்கிறாய் என்றேன். நீ காலால் தண்ணீரை அளைந்தாய். பிறகு மெதுவாக, "அப்ப அந்த அட்ரஸ எனக்குத் தாட்டி" என்றாய்.

கேலி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னேன். பொங்கல் கழிந்து அண்ணாச்சியிடம் நீ வேலையை விடுவதாகச் சொன்னபோதுதான், அது கேலி இல்லை என்று தெரிந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. சுகத்துக்கு விலை போட்டு என்னை இருக்கச் சொன்னவள், அந்தச் சுகத்தை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டு என் வேலையை எடுத்துக்கொண்டு போகிறாள்! உரக்கடைக்காரர் கேட்கும்படியாக, "காசுன்னா இம்புட்டு ஆசையாட்டி ஒனக்கு?" என்று கத்தினேன். நீ பையை அடுக்கிக்கொண்டே, "ஆமாட்டி, தூக்கப்படி வாங்குன ருசி விடமாட்டங்குது" என்று சிரித்தாய். சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாய்.

நீ போன மதுரை பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும், நேரமும் எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், தூங்கப்போவதாகச் சொல்லிப் படுத்தேன். பஸ் போயிருக்கும், போயிருக்கும் என்று அரை மணிக்கொரு தரம் புரண்டு படுத்ததுதான் மிச்சம். மெட்ராஸிலிருந்து நீ போட்ட மூன்று கடிதத்துக்கும் நான் பதில் போடவில்லை.

ஒன்றரை வருடம் போயிற்று. ஆடிப்பூரத் தேரன்று எங்கள் தெருவில் நிற்க இடமில்லாத கூட்டம். அதற்குள் புகுந்து நீ வீட்டு வாசலில் வந்து நின்றாய். அம்மாவுக்குச் சேலை வாங்கி வந்திருந்தாய். இளைத்துப் போயிருந்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா அதைக் கவனிக்காத மாதிரி இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் முறுக்கை வைத்துவிட்டுத் தேர் பார்க்கப் போய்விட்டாள்.

நீதான் ஆரம்பித்தாய். உங்கள் அப்பா வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது என்றும், நீ நம் ஆபீஸில் சேர்ந்ததே அதற்கு அடுத்த மாதம்தான் என்றும், இரண்டு தம்பிகளும் அப்போது பள்ளிக்கூடத்தில் என்றும் முறுக்கை உடைத்துக்கொண்டே சொன்னாய். காலையில் எழுந்து பேப்பர் படித்துவிட்டுத் தூங்கிய அந்த மனிதருக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. மாதாமாதம் முந்நூறு பேருக்குக் கணக்குப் போட்ட எனக்கு, உன் அப்பா எப்படி அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார் என்று கணக்குப் போடத் தெரியவில்லை.

அப்போதே சொல்லியிருந்தால் அந்த வேலையை நானே உனக்குக் கொடுத்திருப்பேனே என்றேன். "அதுக்குத்தான் சொல்லல. நீ எனக்காக விட்டுக் குடுத்தேன்னு ஆயிரும். காலம் பூரா ஒன் மூஞ்சியப் பாக்க முடியாது. நீயா வேண்டாம்னு சொல்லணும்ல" என்றாய். பிறகு, "சொகம் சொகந்தான்ட்டி. நான் போட்ட வெல ஒண்ணும் பொய்யில்ல. ஆனா தூக்கத்தக் கொண்டு போய் ரேசன் கடையில குடுத்தா அரிசி போடமாட்டான்" என்றாய். சிரிக்காமல் நீ பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதோடு நீ நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அந்தச் சாவிக்கு நூறு ரூவா கூட்டுனேன்ல, அது ஒனக்காகக் கூட்டல. நீ போயிறக் கூடாதுன்னு கூட்டுனேன். ஒன்னைய ஏமாத்திட்டேன். ஒன்னர வருசமா இது தொண்டையில நிக்குது" என்றாய். வெளியே தேர் எங்கள் தெருமுனைக்கு வந்துவிட்டது, ஒரே இரைச்சல். உன் முகத்தைப் பார்த்தேன். நான் மேஜையில் கிடந்து தூங்கிய மதியங்களை எல்லாம் நீ விழித்திருந்து கழித்தது அதில் தெரிந்தது. "போ ஏட்டி, அந்த நூறு இல்லாட்டியும் நான் போயிருக்கவே மாட்டேன். மெட்ராஸ் தண்ணி எனக்கு ஆகுமா?" என்றேன். "நெசமாவா?" என்றாய். நிஜமாகத்தான் என்றேன். நீ ஒரு பெரிய மூச்சு விட்டாய். அப்புறம் தட்டைக் காலி செய்தாய், அடுக்களைக்குள் போய் டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்தாய்.

அதற்குப் பிறகு இத்தனை வருடம் நாம் பேசாத வாரம் இல்லை. உன் தம்பிகள் படித்தார்கள், உங்கள் அப்பா சேத்தூரில் புது வீட்டின் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்தார், நீ பெரிய கம்பெனியில் பெரிய நாற்காலிக்குப் போனாய். நான் அந்த உரக்கடை மாடியிலேயே இருந்தேன். அண்ணாச்சி காலத்துக்குப் பிறகு அவர் மகன் காலத்திலும் இருந்தேன். சம்பளம் மெதுவாகக் கூடியது, தூக்கம் குறையவில்லை. நான் அதற்காக வருந்தியது கிடையாது. அதை நம்பு. இனி சொல்லப்போவதை அதோடு சேர்த்துத்தான் நம்ப வேண்டும்.

நீ அந்தக் கணக்கைப் போட்ட அன்று, மெட்ராஸுக்கு வருவதாக அண்ணனுக்கு எழுதிய கடிதம் என் கைப்பையில் இருந்தது. விலாசம் எழுதி, ஸ்டாம்ப் வைத்து, கவரையும் ஒட்டியாயிற்று. மாலை பஸ் ஸ்டாண்டுத் தபால் பெட்டியில் போடுவதாக இருந்தேன். உன்னிடம் விலை சொன்னதெல்லாம் விளையாட்டுக்கு. திரையில் மூவாயிரத்து நானூறு என்று வந்ததும், சரி, போகத்தான் வேண்டும் என்று மனசுக்குள் எழுந்தே விட்டேன். நீ நூறைக் கூட்டினாய். இரண்டும் சமமாக நின்றது. இரண்டும் சமம் என்றால் எழுந்திருக்க வேண்டியதில்லாத பக்கத்தை எடுக்கிறவள் நான். கடிதம் பையிலேயே கிடந்தது. முனியாண்டி நீண்டுபோன வாரம் கிழித்துப் போட்டேன்.

நீ பயந்தது சரிதான் ஏட்டி, நான் போகத்தான் இருந்தேன். நீ ஏமாற்றித்தான் அந்த வேலையை எடுத்துக்கொண்டாய். எடுத்துக்கொண்டதே நியாயம், உன் வீட்டுக்கு அது வேண்டியிருந்தது, என் வீட்டுக்கு வேண்டியிருக்கவில்லை. இதை உன்னிடம் நேரில் சொல்ல எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கியிருப்பாய், மிச்சத்தைக் கேட்டிருக்க மாட்டாய், மறுபடியும் தூங்கியிருக்க மாட்டாய். அதனால்தான் நீ இருந்த வரைக்கும் சொல்லவில்லை.